நாற்பத்தேழாம் நம்பர் தண்ணீர்

ஆர்கிரிஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரையில் கட்டிக் கிடக்கும் படகில் ஒரு காலை வைத்தாலே போதும், முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். கிரேக்கக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாலியோஸ்காலாவில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் ஐம்பத்தொன்பது வயதில், புதிதாகக் கட்டிய மரினா என்ற உல்லாசப் படகுத் துறையில், பன்னிரண்டு மீட்டர் படகு ஒன்றை நிறுத்தும் இடத்தை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தார் என்றால் ஊர் எப்படிச் சிரித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

மலைப்பாதையில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேலே மலைக் கிராமமான கரியாவிலிருந்து எங்கள் ஊர் வழியாக நகரத்துக்குப் போகும் பேருந்தை முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினார். அறுபத்தோரு வளைவுகள். பின்னால் பாதிப் பேர் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். அவர் ஒரு கையில் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங்கை வளைப்பார். அந்த வண்டியில் பதினோரு வருஷம் நான் கண்டக்டர். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்தப் பதினோரு வருஷத்தைத்தான் சொல்வேன்.

அது வெறும் பேருந்து இல்லை. கரியாக்காரர்களுக்கு மருந்துக் கடை, தபால் ஆபீஸ், வட்டிக்கடை எல்லாமே அதுதான். காலையில் கீழே வரும்போது ஆர்கிரிஸின் சட்டைப் பையில் பத்துப் பதினைந்து துண்டுச் சீட்டுகள் இருக்கும். ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, ஒருவருக்குத் தையல் மெஷின் பெல்ட், ஒருவருக்கு மகளின் கல்யாணத்துக்கு வெள்ளைச் செருப்பு முப்பத்தேழு சைஸ். சாயங்காலம் எல்லாம் சரியாகப் போய்ச் சேரும். ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்திருந்தால், அந்த வீட்டுக்குக் கீழே உள்ள வளைவிலேயே இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். நாங்கள் போய் நிற்பதற்குள் அந்த வீட்டு அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ரோட்டுக்கு வந்திருப்பாள். கூரையில் எண்ணெய் டின்கள், கோழிக்கூடை, ஒரு தரம் ஒரு மணப்பெண்ணின் மெத்தை. கோடையில் தைம் என்கிற மலைச்செடியின் வாசனை ஜன்னல் வழியாக வந்து வியர்வையோடும் டீசலோடும் கலக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் கை தானாக டிக்கெட் பையைத் தேடும்.

ஊர்ப் பாதிரியார் எப்போதும் முன்சீட்டில் உட்காருவார். வளைவுக்கு ஒரு சிலுவை போடுவார்.

"ஃபாதர், நீங்க சிலுவை போடப் போட எனக்குக் கை நடுங்குது," என்பார் ஆர்கிரிஸ். "கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணுங்க. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு ஓட்டுறேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாப்போம்."

பிறகு கண்டக்டர்கள் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். நான் சிமெண்ட் வேலை, ஆலிவ் பறிப்பு என்று சுற்றினேன். அவர் தனியாக ஓட்டினார். வழியில் என்னைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார், டிக்கெட் கேட்டதில்லை.

மரினா வந்தது அவர் ஓய்வுபெறப் போகிற சமயத்தில். ஊருக்குக் கிழக்கே நாணல் மண்டிய சதுப்பு ஒன்று இருந்தது. கொசுவைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை. ஏதென்ஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து அதைத் தோண்டியது. மண் அள்ளும் கப்பல் ஒரு வருஷம் உறுமிக்கொண்டே கிடந்தது. காபிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரி வடிவம் வைத்தார்கள்: தீப்பெட்டி அளவு வெள்ளை வீடுகள், பஞ்சில் செய்த மரங்கள், நீலக் கண்ணாடிமேல் குட்டிக் குட்டிப் பாய்மரப் படகுகள். விற்பனைக்கு மூன்று இருந்தன. பால்கனி வைத்த வீடு, கடை, படகு நிறுத்தும் இடம். முதலீடு, முதலீடு என்று அந்த வருஷம் ஊரில் சொல்லாத வாய் இல்லை. மருந்துக் கடைக்காரர் வீடு ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தார். பள்ளி ஆசிரியரும் அவர் தம்பியும் சேர்ந்து ஒன்று.

ஆர்கிரிஸின் மனைவி ஃபோதினி தையல்காரி. கல்யாண உடை தைப்பதில் அந்தக் கரையோரத்தில் பெயர் வாங்கியவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டாம் மாடி மூலை வீட்டை அவள் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினாள். கோடையில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம், வயதான காலத்தில் மகளிடம் கையேந்த வேண்டாம். பெட்டியிலிருந்த ஜன்னலின் அளவைக் கேட்டு, திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். ஓய்வுபெற்றபோது அவருக்கு மொத்தமாக வந்த பணமும் அவள் தைத்துச் சேர்த்ததும் ஒன்றாகத்தான் பாங்கில் இருந்தன. கையெழுத்துப் போட ஆர்கிரிஸ் போனார். கோட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது நான் அவர்கள் வீட்டில் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் என் காதிலேயே விழுந்தது.

"சாவி எங்க?" என்றாள் ஃபோதினி.

"சாவி இல்ல."

"எப்பக் குடுப்பாங்களாம்?"

"அதுக்குச் சாவியே கிடையாது, ஃபோதினி."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் நீவிவிட்டார்.

"நாப்பத்தேழாம் நம்பர். பன்னெண்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். முப்பது வருஷத்துக்கு நம்மளது."

"ஹாலா?"

"தண்ணி."

நான் ஓட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஃபோதினி தெருக்கதவைத் திறந்தாள்.

"கேட்டீங்களாடி! வீடு வாங்கப் போன மனுசன் தண்ணி வாங்கிட்டு வந்து நிக்குது! படகு இல்ல, துடுப்பு இல்ல, ஒரு மீன்முள்ளு இல்ல! உப்புத்தண்ணி! நாலு மீட்டர் அகலமாம்! நான் அதுக்குத் திரை தைக்கணுமாம்!"

நாற்பது நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் மேஜையில் இருக்கும். ஏன் இப்படிச் செய்தாய் என்று தெரு கேட்டது, மகள் தொலைபேசியில் கேட்டாள், பாதிரியார் கேட்டார். "இடம் நல்ல இடம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வரவில்லை.

காபிக் கடையில் அவரை அதிகம் சீண்டியது கோஸ்மாஸ். எங்கள் ஊரின் பழைய மீனவக் குடும்பம் அவனுடையது. தாத்தா காலத்திலிருந்து அவர்களிடம் மரப்படகு உண்டு. பழைய துறையின் கல்மேடையான எங்கள் துறைக்கல்லில் அவர்கள் படகு கட்டுமிடம் எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லலாம்.

"கேப்டன்! கப்பல் எப்ப இறங்குது?"

"இடம் இருக்கு கோஸ்மா. படகு எப்ப வேணா வாங்கிக்கலாம்."

"வாங்கி? கரையில நின்னு கைய ஆட்டுவியா? நீ ஏறினா மீனெல்லாம் உன் வாந்தி தின்னே கொழுத்துரும்."

"உங்கிட்டப் படகு இருக்கு. நீ கட்டுற இடம் யாரோடது? அரசாங்கத்தோடது. எங்கிட்டப் பத்திரம் இருக்கு."

கடையே இரைந்து சிரித்தது. 'தண்ணி முதலாளி' என்ற பெயர் அன்று ஒட்டியது, கடைசிவரை போகவில்லை.

அந்த வசந்தத்தில் எனக்கு மரினாவில் வேலை கிடைத்தது. வரும் படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டுவது, மிதக்கும் நடைமேடையைக் கழுவுவது, குப்பை எடுப்பது. மறுநாளே ஆர்கிரிஸ் வீட்டிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தேழுக்குப் பின்னால் கல்தரையில் போட்டு உட்கார்ந்தார். மிதக்கும் பலகையில் அவரால் கால் வைக்க முடியாது, தலை சுற்றும். கல்தரையில் பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் படகுகள். நடுவில், விழுந்த பல்லின் இடம்போல, வெறும் பச்சைத் தண்ணீர். அதில் மீன்குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகைக்கு விட்டுத் தருகிறோம் என்று ஆபீஸ் பெண் வந்து கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு மதியம் நான் பொறுக்காமல் கேட்டேன். "அண்ணே, எங்கிட்டயாவது சொல்லுங்க. எதுக்கு இது?"

அவர் பாதாம் பருப்பை உடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா ஸ்தேரியோஸ் கரியாவில் ஆடு மேய்த்தவர். அவருக்குக் கடல்மேல் ஓர் ஆசை. மேலிருந்து பார்த்தே வளர்ந்த ஆசை. ஒரு வருஷம் முப்பத்திரண்டு ஆட்டையும் விற்று, வேறு ஊரிலிருந்து ஒரு சின்னப் படகு வாங்கினார். குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கி எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு அறையில் குடியேறினார். அப்போது துறைக்கல்லில் வரிசையாக இரும்பு வளையங்கள் இருந்தன. ஒரு வளையம் ஒரு குடும்பம். எங்கும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். கடைசியில் இருந்த ஒரு வளையம் சும்மா கிடந்தது. அதில் கட்டினார். காலையில் போய்ப் பார்த்தால் கயிறு அவிழ்ந்து படகு விரிகுடாவின் நடுவில். நீந்திப் போய்க் கொண்டுவந்து மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்ந்தது. மூன்றாம் தரம் அவர் கட்டவில்லை. அரைமணி நடக்கிற தூரத்தில் கற்கள் நிறைந்த ஒரு ஒதுக்கத்தில் படகை இழுத்துப் போட்டார். மார்ச் மாதத் தென்காற்று ஒன்று வந்தது. பிறகு அங்கே பலகைகள்தான் கிடந்தன.

"எனக்கு ஒம்பது வயசு," என்றார் ஆர்கிரிஸ். "நானும் எங்கம்மாவும்தான் பொறுக்கினோம். அந்தக் குளிருக்கு அதையே அடுப்புல வச்சோம். ரொட்டி சுட்டா உப்பு கரிச்சுது. அப்பா தின்னுக்கிட்டே இருப்பாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அப்புறம் ரோடு போடப் போயிட்டாரு. இந்த ரோடுதான், நாம ஓட்டுன ரோடு."

"யாரு அவுத்தது?"

"கோஸ்மாவோட அப்பன்தான்னு சொல்லிக்கிட்டாங்க. வேற யாரு."

"இதை ஃபோதினி அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா அவங்களே சரின்னிருப்பாங்களே!"

"அதான் சொல்லல. சரின்னுட்டு, உள்ள போயி அழுதிருப்பா. திரைக்கு எடுத்த துணிய மடிச்சு வச்சிருப்பா. கத்துறதே தேவலைன்னு விட்டுட்டேன்." ஒரு பருப்பை எனக்கு நீட்டினார். "அந்தக் கம்பெனிக்காரப் பொண்ணு வரைபடத்தைக் காட்டி, யார் வேணா வாங்கலாம்னா பாரு. யார் வேணா, டா. எங்கப்பா காதுல அது விழலியேன்னு இருந்துச்சு. கை தானா போயிருச்சு."

ஆகஸ்டில் வடகாற்று பிடித்தது. மரினா நிரம்பி வழிந்தது. ஒரு மதியம் வயதான ஒரு டச்சுத் தம்பதி பாய் கிழிந்த படகோடு வாயிலில் நின்று கையாட்டினார்கள். இடமில்லை என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் சுக்கானைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தது கரைவரை தெரிந்தது. ஆர்கிரிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பிறகு, குறுகிய சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் அவருக்குச் சொன்னதையெல்லாம், அட்சரம் பிசகாமல் அவர் அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"வா, வா, வா... இன்னும் வா... லெஃப்ட்ல ஒடி... வரட்டும், வரட்டும்... ரைட்டு! ஹோல்டான்!"

கிரேக்கமே தெரியாத அந்தக் கிழவர் ஒரு கீறல் இல்லாமல் நாற்பத்தேழில் வந்து நின்றார். ஆர்கிரிஸ் பக்கத்திலிருந்த கம்பத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மூன்று நாள் தங்கினார்கள். காசு கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. இது தெருவைச் சுற்றி ஃபோதினியின் காதுக்குப் போனது. அடுத்த நாள் கையில் பையோடு, வாழ்க்கையில் முதல் தரமாக, அவள் மரினாவுக்குள் வந்தாள்.

"ஏய்யா ஆர்கிரி, என் காசுல வாங்குன தண்ணிய ஓசில குடுக்கிறியாமே?"

"பாவம், பாய் கிழிஞ்சிருச்சு."

"எங்க? காட்டு."

டச்சுக்காரி கிழிந்த பாயை விரித்தாள். ஃபோதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கழுதை தச்சது இதை?" என்றாள். அன்று சாயங்காலம்வரை கல்தரையில் உட்கார்ந்து, தடித்த ஊசியால், கல்யாண உடைக்குப் போடும் தையலாகப் போட்டுக் கொடுத்தாள். அதற்குக் காசும் வாங்கினாள். இடத்துக்கும் சேர்த்து வாங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த கோடைகள்தான் அவர்கள் இருவருக்கும் பொற்காலம். நாற்பத்தேழு காலியாக இருந்ததில்லை. யாரை விடுவது என்று ஆர்கிரிஸ் முடிவுசெய்வார். எவ்வளவு என்று ஃபோதினி முடிவுசெய்வாள். பாய் கிழிந்தால் தைப்பாள், மெத்தை உறை தைப்பாள், துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். "நாளைக்கு", "சுத்தம்", "இது கிழிசல்" என்ற மூன்று வார்த்தைகளை ஐந்து பாஷையில் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியோ கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட அடையோ தட்டோடு வரும். முன்பின் தெரியாத ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கல்தரையில் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். ஆர்கிரிஸ் ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்பார்: உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்? அவர்கள் கைஜாடையில் சொல்வார்கள். சுரங்கம், தபால், பன்றிப் பண்ணை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

ஒரு தரம் ஒரு டென்மார்க்காரர் பிடிவாதமாக அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அலைத்தடுப்பு தாண்டுவதற்குள் ஆர்கிரிஸ் காலையில் தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டார். இறக்கிவிட்டபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வெளியேருந்து நம்ம இடத்தைப் பாத்தேன்டா சோதிரி," என்றார். "தூரத்துலேருந்தே தெரியுது."

ஃபோதினி சமாதானமாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "சிரிச்சுப் பேசுறேன்னு மன்னிச்சுட்டதா நெனச்சுக்காதே. கேக்காம எடுத்தது எடுத்ததுதான். நல்லா வந்துச்சுங்கறதுக்காக அது இல்லாமப் போயிடாது." எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

பிறகு நாடு முழுவதும் கஷ்டம் வந்தது. பாங்குகள் பூட்டின. மரினாவைக் கட்டிய கம்பெனி திவாலானது. அடுக்குமாடி வீடுகள் சுவரில்லாத கான்கிரீட் சட்டங்களாக நின்றன. மாடியில் கம்பிகள் துருப்பிடித்தன. ஃபோதினி ஒருமுறை கீழே நின்று இரண்டாம் மாடி மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புறாக்கள்தான் இருந்தன. மருந்துக் கடைக்காரர் போட்ட பணம் போனதுதான். ஆர்கிரிஸுக்கு என்ன தொலைநோக்கு என்று இப்போது ஊர் பேச ஆரம்பித்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும்? வீட்டைத்தான் வாங்கப் போனேன்," என்று எரிந்துவிழுவார்.

படகுகள் குறைந்தன. எனக்கு எட்டு மாதம் சம்பளம் வரவில்லை. ஆனாலும் காலையில் போய்விடுவேன். வேறு எங்கே போக? நான் நடைமேடையின் ஆணிகளை முடுக்குவேன். அவர் கல்தரையில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுப்பார். மதியம் ஃபோதினி இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவருவாள்.

அந்த நாட்களில்தான் கோஸ்மாஸ் தன் படகைக் கொடுத்தான். மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் அரசாங்கம் பணம் தரும், ஆனால் படகை உடைத்துவிட வேண்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. அவனுக்கு முதுகு போய்விட்டது. பிள்ளைகள் யாரும் கடலுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டான். உடைக்கிற அன்று துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வருவதுபோல வந்து நின்றான். மண் தோண்டும் இயந்திரம் கையைத் தூக்கிப் படகின் நடுமுதுகில் வைத்தது. ஏழு நிமிஷம் ஆயிற்று. அவன் தாத்தா வாங்கிய படகு.

மறுநாள் காலை அவன் மரினாவுக்கு வந்தான். ஆர்கிரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஆர்கிரிஸ் பாதாம் பையை நீட்டினார். ஒரு மணிநேரம் இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு தினமும் வந்தான். எதற்கெடுத்தாலும் சண்டை. காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த மீனுக்கு எந்த மாதம், யாருக்கு யார் சித்தப்பா. ஒரு நாள் ஒருவர் வராவிட்டால் மற்றவர் என்னை விசாரித்துவரச் சொல்லுவார்.

ஒரு இலையுதிர் காலத்துக் காலை, நான் பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஆர்கிரிஸ் சாதாரணமாகக் கேட்டார்: "கோஸ்மா, உங்கப்பன் எங்கப்பா கட்டுன கயித்தை அவுத்துவிட்டானே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

கோஸ்மாஸ் கையிலிருந்த பருப்பைத் தரையில் வைத்தான். பிறகு, "எங்கப்பன் இல்ல," என்றான். "நான்தான்."

என் கையில் கயிறு நின்றுவிட்டது.

"பன்னெண்டு வயசு எனக்கு. யாரும் சொல்லல. வீட்ல பெரியவங்க பேசிக்கிட்டதக் கேட்டுட்டு, நானாப் போயி அவுத்தேன். ரெண்டு தடவை. ரெண்டாம் தடவை எங்கப்பன் பாத்துட்டான். அடிப்பான்னு நெனச்சேன். தலையத் தடவிக் குடுத்தான்."

ஆர்கிரிஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார், அல்லது கையை ஓங்குவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"கஷ்டமா இருந்துச்சா அவுக்க?" என்றார்.

"எங்க கஷ்டம்? உங்கப்பா போட்டிருந்தது ஆட்டைக் கட்டுற முடிச்சு. ஒரு இழு இழுத்தா வந்துருச்சு. யாருமே அவுக்காட்டியும் அது விடிய நின்னிருக்காது, ஆர்கிரி."

ஆர்கிரிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் ஓரடி எடுத்துவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆட்டு முடிச்சா! அடப்பாவி மனுசா!" என்று தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். கோஸ்மாஸ் சிரிக்கவில்லை. பெயிண்ட் டின்னில் குனிந்து உட்கார்ந்திருந்தான். சிரிப்பு ஓய்ந்ததும் ஆர்கிரிஸ் பையில் கையை விட்டு, ஒரு பருப்பை உடைத்து, தோலை ஊதிவிட்டு அவன் உள்ளங்கையில் வைத்தார். மறுநாள் காற்றைப் பற்றிய சண்டை வழக்கம்போல நடந்தது.

ஆர்கிரிஸ் எழுபத்தைந்தாவது வயதில் போனார். ஒரு வெள்ளிக்கிழமை, பருப்புக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழுந்திருக்கவில்லை. கரியாவில் அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அறுபத்தோரு வளைவையும் அவரோடு நான் கடைசி முறையாகச் சுற்றிப் போனேன். எதிரே இறங்கி வந்த பேருந்தின் ஓட்டுநர், அவர் பழக்கிவிட்ட பையன், வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். பயணிகளும் இறங்கி நின்றார்கள்.

புதைத்துவிட்டு வந்து எல்லோரும் காபியும் பிராந்தியுமாக உட்கார்ந்திருந்தபோது, கோஸ்மாஸ் எழுந்து ஃபோதினி முன்னால் போய் நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வளையம், கயிறு, படகு எல்லாவற்றையும் சொன்னான். தான் அவிழ்த்ததையும் சொன்னான். அவள் அதுவரை ஒரு சொல்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

ஃபோதினி முதலில் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா சோதிரி?"

"தெரியும் அக்கா."

"எத்தனை வருஷமா?"

நான் சொன்னேன். அவள் மடியிலிருந்த கைக்குட்டையை விரித்து, ஓரத்துத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அம்பது வருஷம் ஒரே மேஜையில சாப்பிட்டோம்," என்றாள். "என் காசை எடுக்கத் தெரிஞ்சுது. இதைச் சொல்ல வாய் வரல." பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீ உக்காரு கோஸ்மா. நின்னா உனக்கு முதுகு வலிக்கும். காபி குடி," என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நானும் கிளறவில்லை.

இப்போது மரினாவை வேறொரு கம்பெனி நடத்துகிறது. விளக்கெல்லாம் எரிகிறது. குத்தகையைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல விலை தருகிறோம் என்று ஃபோதினியிடம் வந்தார்கள். அவள் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஊரில் வீடுகளெல்லாம் கோடை விருந்தாளிகளுக்கென்று ஆகிவிட்டதால், பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கு ஒரு அறைகூடக் கிடைப்பதில்லை. போன செப்டம்பரில் வந்த கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி நாற்பத்தேழில் கட்டிக்கொண்டு அதிலேயே குடியிருக்கிறார்கள். ஃபோதினி அவர்களிடம் பெயருக்குத்தான் ஏதோ வாங்குகிறாள். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டாலும் காலையில் ஒரு நடை போய்வருவேன். நேற்று மழை விட்டிருந்தது. ஃபோதினி கல்தரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்: "பொண்ணே, ஏய் பொண்ணே! வெயில் வந்திருச்சு பாரு, அந்தக் கம்பளியெல்லாம் வெளிய போடு! படகுல ஈரம் ஏறினா இறங்காது!"

அந்தப் பெண் தலையை வெளியே நீட்டி, கைநிறையக் கம்பளிகளைக் கொண்டுவந்து பாய்மரக் கயிற்றில் ஒவ்வொன்றாக விரித்தாள்.